ஊமை விரதத்தை உடைத்த போலீஸ்காரர்: நியூயார்க்கின் சாமுவேல் பேட்டிலும் ஹார்லெம் மாறிய கதையும்

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 135-வது தெருவும் லெனாக்ஸ் அவென்யூவும் சந்திக்கும் முனைக்கு 2009-ல் ஒரு பெயர் வைத்தார்கள்: சாமுவேல் ஜே. பேட்டில் பிளாசா. தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்து போகும் முனை அது. பலகையில் இருக்கும் பெயர் யாருடையது என்று கேட்டால், அங்கேயே பலருக்குத் தெரியாது.

பேட்டில் ஒரு போலீஸ்காரர். 1911-ல் நியூயார்க் காவல் துறையில் சேர்ந்த கறுப்பினத்தவர். சேர்ந்த நாளிலிருந்து சக போலீஸார் அவரோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அப்போது ஹார்லெம் பெரும்பாலும் வெள்ளையர்கள் வாழ்ந்த பகுதி. பேட்டில் அங்கே ரோந்து போன வருடங்களில், அது உலகமே பேசும் கறுப்பின நகரமாக மாறியது. கலை வந்தது, காசு வந்தது, பிறகு பஞ்சம் வந்தது, இரண்டு முறை கலவரமும் வந்தது. எல்லாவற்றையும் தெருவில் நின்று பார்த்தவர் இவர்.

யார் இவர், என்ன செய்தார், இன்றைக்கு ஏன் இவரைப் பற்றித் தெரிஞ்சுக்கணும்? பார்ப்போம்.

அடிமைகளாகப் பிறந்தவர்களின் மகன்

1883 ஜனவரி 16. வட கரோலினா மாநிலத்தில் நியூ பெர்ன் என்ற சிறு ஊரில் பிறந்தார் சாமுவேல். அப்பா தாமஸ், அம்மா ஆன் இருவருமே அடிமைகளாகப் பிறந்து, உள்நாட்டுப் போருக்குப் பிறகு விடுதலை ஆனவர்கள். அப்பா மெத்தடிஸ்ட் சபையில் போதகர். பிறக்கும்போதே குழந்தை 16 பவுண்டு, அதாவது 7 கிலோவுக்கும் மேல் எடை இருந்ததாம். அந்த மாநிலத்திலேயே இவ்வளவு பெரிய குழந்தை பிறந்ததில்லை என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். வளர்ந்த பிறகும் ஆள் ஆறடிக்கு மேல், மலை மாதிரி இருப்பார்.

பையன் சின்ன வயதில் சாது எல்லாம் இல்லை. வேலை பார்த்த இடத்தில் முதலாளியின் பெட்டகத்திலிருந்து பணத்தை எடுத்து மாட்டிக்கொண்டான். அப்பாவின் முகத்துக்காக முதலாளி புகார் கொடுக்கவில்லை. ஆனால், ஒரே வருடத்தில் இவன் ஜெயிலுக்குள் இருப்பான் என்று ஜோசியம் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பேச்சு பையனுக்குள் தைத்துவிட்டது. பின்னாளில் போலீஸ் ஆனதற்கும், தப்பு செய்த பையன்களைக் கைவிடாமல் இருந்ததற்கும் விதை அங்கேதான் விழுந்தது என்று தோன்றுகிறது.

தெற்கு மாநிலங்களில் அப்போது ஜிம் க்ரோ சட்டங்கள் இறுகிக்கொண்டிருந்தன. கறுப்பினத்தவருக்குத் தனி ரயில் பெட்டி, தனிப் பள்ளிக்கூடம், ஓட்டுப் போட ஆயிரம் தடை. எதிர்த்துப் பேசினால் மரத்தில் தொங்கவிடும் கும்பல்கள். பிழைக்க வேண்டுமானால் வடக்கே போ என்பதுதான் அந்தத் தலைமுறையின் கணக்கு. பேட்டிலும் கிளம்பினார். முதலில் கனெக்டிகட், பிறகு நியூயார்க்.

நியூயார்க்கில் கிடைத்தது கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் போர்ட்டர் வேலை. சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு பயணிகளின் பெட்டி தூக்க வேண்டும். அங்கே போர்ட்டர்களுக்கெல்லாம் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவர். இவருடைய மகன் வெஸ்லி, இந்தக் கதையில் கொஞ்சம் தள்ளி மறுபடி வருவார். 1905-ல் ஃப்ளோரன்ஸ் கேரிங்டனை மணந்தார் பேட்டில். குடும்பம் ஆயிற்று. டிப்ஸை நம்பி ஓடும் வேலை எத்தனை நாளைக்கு? பகலில் பெட்டி தூக்கிவிட்டு, கிடைத்த நேரத்தில் போலீஸ் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தார்.

போலீஸ் வேலைக்கு ஏன் போகணும்?

அன்றைய சூழலில் இது சாதாரணக் கேள்வி இல்லை. நியூயார்க்கில் வாழ்ந்த கறுப்பினத்தவருக்கு போலீஸ் என்றாலே நினைவுக்கு வருவது 1900 ஆகஸ்ட்.

அப்போது கறுப்பினக் குடும்பங்கள் நிறைய வாழ்ந்த இடம், மன்ஹாட்டனின் மேற்குப் பக்கம் இருந்த டெண்டர்லாயின். அங்கே ராபர்ட் தோர்ப் என்ற போலீஸ்காரர், சீருடை இல்லாமல் ஒரு கறுப்பினப் பெண்ணைப் பிடித்தார். அவளோடு வாழ்ந்த ஆர்தர் ஹாரிஸ், வந்தவர் போலீஸ் என்று தெரியாமல் தகராறு செய்து கத்தியால் குத்தினார். தோர்ப் இறந்தார். சில நாளில் வெள்ளையர் கும்பல் தெருவில் இறங்கி, கண்ணில் பட்ட கறுப்பினத்தவரை எல்லாம் அடித்தது. தடுக்க வேண்டிய போலீஸார் கும்பலோடு சேர்ந்துகொண்டு லத்தியைச் சுழற்றினார்கள். புகார் மேல் புகார் போனது. ஒரு போலீஸ்காரருக்கும் தண்டனை இல்லை.

நம்மை அடித்த அதே துறையில் நம் ஆள் ஒருவன் போய்ச் சேர்ந்தால் ஏதாவது மாறுமா? அல்லது அந்த ஆள்தான் மாறிப்போவானா? பேட்டிலின் 40 வருட உத்தியோகம் முழுவதும் இந்தக் கேள்விதான் கூடவே வந்தது.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பேட்டிலுக்கு முன்பே கறுப்பின போலீஸார் இருந்தார்கள், ஆனால் புரூக்ளினில். 1898 வரை புரூக்ளின் தனி நகரம். அங்கே 1891-ல் வைலி ஓவர்டன் சேர்ந்தார், அடுத்த வருடம் மோசஸ் காப் சேர்ந்தார். நகரங்கள் இணைந்தபோது காப் நியூயார்க் துறைக்குள் வந்தார். அவர் பேட்டிலின் உறவினரும்கூட. அக்கா தங்கை முறையில் மச்சான். தேர்வுக்கு வழிகாட்டியவரும் அவர்தான். நகரங்கள் இணைந்து பெரிய நியூயார்க் உருவான பிறகு புதிதாக நியமிக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர் என்ற இடம் பேட்டிலுக்கு.

தேர்வில் பாஸ், டாக்டர் சொன்னார் ஃபெயில்

எழுத்துத் தேர்வில் பேட்டில் தேறிவிட்டார். அடுத்தது மருத்துவப் பரிசோதனை. பெட்டி பெட்டியாகத் தூக்கி முறுக்கேறிய உடம்பு. ஆனால் போலீஸ் டாக்டர், இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்கிறது, வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிட்டார்.

நிறத்தைக் காரணமாகச் சொன்னால் சட்டச் சிக்கல் வரும். உடம்பைக் காரணமாகச் சொன்னால் யாரும் கேட்க முடியாது. அதுதான் சூட்சுமம். ஆனால் கேட்டார்கள். கறுப்பின சமூகத் தலைவர்களும் பத்திரிகையாளர்களும் விஷயத்தை மேலிடம் வரை கொண்டுபோனார்கள். மறு பரிசோதனையில் இதயம் நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரிந்தது. 1911 ஜூன் 28-ல் பேட்டில் போலீஸ்காரர் ஆனார். அப்போது அவருக்கு வயது 28.

பேச ஆளில்லாத ஸ்டேஷன்

முதல் போஸ்டிங், மேற்கு 68-வது தெரு ஸ்டேஷன். அருகில் இருந்த சான் வான் ஹில், கறுப்பினக் குடும்பங்களும் ஐரிஷ் குடும்பங்களும் அடிக்கடி மோதிக்கொள்ளும் நெரிசலான பகுதி. இன்றைக்கு அங்கே லிங்கன் சென்டர் கலை அரங்குகள் நிற்கின்றன. பழைய வீடுகளை 1950-களின் கடைசியில் இடிக்க ஆரம்பித்தார்கள்.

ஸ்டேஷனில் யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. பேசவே இல்லை. வணக்கம் சொன்னால் பதில் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவார்கள். அன்றைய போலீஸார் ரிசர்வ் டியூட்டியில் இரவு ஸ்டேஷனிலேயே தூங்க வேண்டும். மற்றவர்கள் கட்டில் போட்டுத் தூங்கும் ஹாலில் அவருக்கு இடம் இல்லை. கொடிகளை மடித்து வைக்கும் மாடி அறையில்தான் படுக்கை. நாட்டின் கொடி இருக்கும் அறையில், நாட்டின் சட்டத்தைக் காக்கும் ஒருவர் தனியாகக் கிடந்தார்.

தெருவில் வேறு மாதிரி. கறுப்பின போலீஸ்காரரைப் பார்க்கணும்னு கூட்டம் கூடியது. சுற்றுலா வண்டிகள்கூட அந்தப் பக்கம் வந்து போயின. மிருகக்காட்சி சாலையில் புது விலங்கு வந்தால் வேடிக்கை பார்ப்பார்களே, அப்படி.

பேட்டில் பத்திரிகைகளிடம் புலம்பவில்லை. யார் மேலும் புகார் எழுதவில்லை. டியூட்டிக்கு நேரத்துக்கு வந்தார், பீட் முடித்தார், மேலே போய்ப் படித்தார். ஒரு தப்பு செய்தால் போதும், இவங்களுக்கெல்லாம் இந்த வேலை சரிப்படாது என்று மொத்த இனத்துக்கும் முத்திரை குத்திவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். இன்று ஆபீஸில் தன் சமூகத்திலிருந்தோ தன் குடும்பத்திலிருந்தோ முதல் ஆளாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்தப் பாரம் புரியும். மற்றவர் செய்யும் தப்பு அவரோடு போகும்; இவர் செய்யும் தப்பு ஊரோடு போகும்.

ஹார்லெம் எப்படி கறுப்பின நகரமானது?

கொஞ்ச காலத்தில் பேட்டிலுக்கு ஹார்லெம் பக்கம் டிரான்ஸ்பர் வந்தது. இங்கே ஒரு சின்ன ஃபிளாஷ்பேக் தேவை.

1800-களின் கடைசியில் ஹார்லெம், வசதியான வெள்ளையர்களுக்காகக் கட்டப்பட்ட புறநகர். சுரங்க ரயில் வரப்போகிறது, நிலம் எகிறும் என்று ஆளாளுக்குக் கடன் வாங்கி அடுக்குமாடிகளைக் கட்டித் தள்ளினார்கள். 1904-ல் ரயில் வந்தது. ஆனால் கட்டிய வீடுகளுக்கு ஏற்ற ஆட்கள் வரவில்லை. வீடுகள் காலி. கடன்காரன் வாசலில்.

அந்த நேரத்தில் பிலிப் பேட்டன் என்ற கறுப்பின ரியல் எஸ்டேட் தரகர் ஒரு வழி சொன்னார்: கறுப்பினக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுங்கள், வாடகை தவறாமல் வரும். 1904-ல் இதற்காகவே ஆப்ரோ-அமெரிக்கன் ரியால்டி என்ற கம்பெனியையும் தொடங்கினார். இன்னொரு பக்கம், பென்சில்வேனியா ரயில் நிலையம் கட்டுவதற்காக டெண்டர்லாயினில் தெருத் தெருவாக இடித்துக்கொண்டிருந்தார்கள். வீடு இழந்தவர்கள், 1900 கலவரத்தில் அடி வாங்கியவர்கள், தெற்கிலிருந்து ரயிலேறி வந்தவர்கள் எல்லோரும் வடக்கே ஹார்லெம் நோக்கி நகர்ந்தார்கள்.

வெள்ளை வீட்டு உரிமையாளர்கள் சும்மா இருக்கவில்லை. கறுப்பினத்தவருக்கு விற்க மாட்டோம், வாடகைக்கும் விட மாட்டோம் என்று தெருத் தெருவாக ஒப்பந்தம் போட்டார்கள். 136-வது தெருவில் 24 அடி உயரத்தில் வேலி கட்டலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது. ஆனால் பணத்தின் முன்னால் வேலி நிற்கவில்லை. ஒருவர் விற்றால் பக்கத்து வீட்டுக்காரர் பயந்து அடுத்த நாளே விற்றார்.

எண்களைப் பாருங்கள். மத்திய ஹார்லெமில் 1910-ல் கறுப்பினத்தவர் சுமார் 10%. 1920-ல் 32%. 1930-ல் 70%. ஒரு போலீஸ்காரர் வேலைக்குச் சேர்ந்து 20 வருடம் முடிப்பதற்குள், அவர் ரோந்து போகும் ஊரே தலைகீழாகிவிட்டது.

போலீஸ் துறையும் வேறு வழியில்லாமல் மாறியது. 1913-ல் ராபர்ட் ஹோம்ஸ் என்ற இன்னொரு கறுப்பினத்தவர் சேர்ந்தார். 1917 ஆகஸ்டில் ஒரு திருடனைத் துரத்திப் போனபோது சுடப்பட்டு இறந்தார். அந்தத் துறையில் பணியின்போது உயிரிழந்த முதல் கறுப்பின போலீஸ்காரர் அவர். இவர்களுக்குத் தைரியம் இருக்காது என்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த மரணம் பதில் சொன்னது. ஒரு உயிரைக் கொடுத்துத்தான் அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியிருந்தது.

1919: மௌனம் உடைந்த வருடம்

முதல் உலகப் போர் முடிந்து, ஹார்லெமின் 369-வது படைப்பிரிவு பிரான்ஸிலிருந்து திரும்பியது. 1919 பிப்ரவரியில் ஃபிப்த் அவென்யூ வழியாக ஹார்லெம் வரை அணிவகுப்பு. நாட்டுக்காகச் சண்டை போட்டோம், இனி மரியாதை கிடைக்கும் என்று மக்கள் நம்பினார்கள். ஆனால் அந்த வருடக் கோடையில் அமெரிக்கா முழுக்கப் பல ஊர்களில் இனக் கலவரங்கள் வெடித்தன.

ஹார்லெமிலும் பதற்றம். அந்த வருடம் நடந்த ஒரு மோதலில், கோபமான கறுப்பினக் கூட்டத்தின் நடுவே ஒரு வெள்ளை போலீஸ்காரர் சிக்கிக்கொண்டார். அவரை உயிரோடு விடும் மனநிலையில் கூட்டம் இல்லை. பேட்டில் உள்ளே புகுந்து அவரை மீட்டுக்கொண்டு வந்தார்.

யோசிச்சுப் பாருங்க. எட்டு வருடமாகத் தன்னை மனிதனாகவே மதிக்காத துறையின் ஆள் ஒருவர். சுற்றி நிற்பது தன் சொந்த ஜனம். அவர்களின் கோபத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஒரு நிமிடம் தாமதமாகப் போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் தாமதிக்கவில்லை.

இதற்குப் பிறகுதான் ஸ்டேஷனில் காற்று மாறியது. சார்ஜென்ட் தேர்வுக்குத் தயார் செய்யும் பயிற்சிப் பள்ளியில் அதுவரை கறுப்பினத்தவருக்கு இடமில்லை. இப்போது வெள்ளை சகாக்களே அவரைச் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். இதில் கசப்பும் இருக்கிறது. மற்றவர்களுக்குச் சேர்ந்த அன்றே கிடைக்கும் மரியாதை, பேட்டிலுக்கு ஓர் உயிரைக் காப்பாற்றிக் காட்டிய பிறகுதான் கிடைத்தது.

அதே 1919-ல்தான் ஜேம்ஸ் வில்லியம்ஸின் மகன் வெஸ்லி வில்லியம்ஸ், தீயணைப்புத் துறையில் சேர்ந்தார். அவருக்கும் அதே ஊமை விரதம்தான். ஆனால் அவருக்கு ஒரு வசதி இருந்தது. இதை எப்படித் தாங்குவது என்று கேட்க, பேட்டில் இருந்தார்.

138-வது தெருவில் ஒரு வீடு

ஹார்லெமில் 138, 139-வது தெருக்களில் அழகான வரிசை வீடுகள் உண்டு. 1890-களின் தொடக்கத்தில் பணக்கார வெள்ளையர்களுக்காகக் கட்டியவை. வாங்க ஆளில்லாமல் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கைக்குப் போயின. வீடு பூட்டிக் கிடந்தாலும் கிடக்கட்டும், கறுப்பினத்தவருக்கு விற்க மாட்டோம் என்று அது பிடிவாதமாக இருந்தது. 1919, 1920 வாக்கில்தான் மனம் இறங்கியது. டாக்டர்கள், வக்கீல்கள், இசைக் கலைஞர்கள் வாங்கிக் குடியேறினார்கள். அந்த வரிசைக்கு ஸ்ட்ரைவர்ஸ் ரோ என்று பெயர் வந்தது. முட்டி மோதி முன்னுக்கு வந்தவர்களின் தெரு என்று வைத்துக்கொள்ளலாம்.

அங்கே பேட்டிலும் ஒரு வீடு வாங்கினார். அடிமைகளின் மகன், போர்ட்டராக இருந்தவர், கொடி அறையில் தூங்கியவர், இப்போது அந்தத் தெருவில் வீட்டுக்காரர். தான் காவல் காக்கும் பேட்டையிலேயே குடியிருந்ததால், டியூட்டி முடிந்ததும் வேறு உலகத்துக்குப் போய்விடும் போலீஸ்காரர்களில் ஒருவராக அவர் இல்லை. தெருவில் பையன் ஒருவன் தவறு செய்தால், அவன் அம்மா யாரென்று அவருக்குத் தெரியும்.

1920-களின் ஹார்லெம் உச்சத்தில் இருந்தது. கவிஞர்கள், ஜாஸ், நாடகம், மார்கஸ் கார்வியின் ஊர்வலங்கள். அதே நேரம் மதுவிலக்குக் காலம் என்பதால் கள்ளச் சாராயமும் ரவுடிகளும். லெனாக்ஸ் அவென்யூவில் புகழ்பெற்ற காட்டன் கிளப் இருந்தது. மேடையில் ஆடியது கறுப்பினக் கலைஞர்கள். மேஜையில் உட்கார அனுமதி வெள்ளையர்களுக்கு மட்டும். ஹார்லெம் யாருடைய ஊர் என்ற கேள்விக்குப் பதில், எந்த வாசலில் நின்று கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்திருந்தது.

1926-ல் பேட்டில் சார்ஜென்ட் ஆனார். நியூயார்க் துறையில் முதல் கறுப்பின சார்ஜென்ட். இப்போது வெள்ளை போலீஸார் அவர் உத்தரவைக் கேட்க வேண்டும். 1935-ல் லெப்டினன்ட். அதுவும் முதல்முறை.

1935: ஒரு பேனாக்கத்தி, ஒரு வதந்தி

லெப்டினன்ட் ஆன அதே வருடம், மார்ச் 19. பொருளாதாரப் பெருமந்தத்தில் நாடே தள்ளாடிக்கொண்டிருந்தது. ஹார்லெமில் அடி இரண்டு மடங்கு. 125-வது தெருக் கடைகளில் பொருள் வாங்குவது கறுப்பினத்தவர். கவுன்டரில் வேலைக்கு நிற்பது வெள்ளையர். வேலை தராத கடையில் வாங்காதே என்று முந்தைய வருடம்தான் ஒரு பெரிய போராட்டம் நடந்து முடிந்திருந்தது.

அன்று மதியம் க்ரெஸ் என்ற கடையில் லினோ ரிவேரா என்ற 16 வயதுப் பையன், மலிவான பேனாக்கத்தி ஒன்றைத் திருடியதாகப் பிடிபட்டான். இழுபறியில் ஊழியர் ஒருவரின் கையைக் கடித்துவிட்டான். போலீஸ் வந்தது. கூட்டத்தைத் தவிர்க்க, அவனைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டார்கள். கடிபட்டவருக்காக ஆம்புலன்ஸ் வந்தது. தற்செயலாக அந்தப் பக்கம் ஒரு சவ வண்டியும் வந்து நின்றது. போதாதா? பையனை அடித்தே கொன்றுவிட்டார்கள் என்று ஊர் முழுக்கப் பரவியது.

வாட்ஸ்அப் இல்லாத காலத்திலும் வதந்திக்கு வேகம் குறைவில்லை. இருட்டுவதற்குள் கடைகளின் கண்ணாடிகள் நொறுங்கின. போலீஸ் பையனைத் தேடியது. நள்ளிரவுக்குப் பிறகுதான் அவன் கிடைத்தான். பிறகு ஒரு புகைப்படம் எடுத்தார்கள். சீருடையில் பேட்டில், பக்கத்தில் உயிரோடு லினோ ரிவேரா. இந்தப் படத்தைக் காட்டித்தான் ஊரை நம்ப வைக்க வேண்டியிருந்தது. துறையில் எத்தனையோ அதிகாரிகள் இருந்தும் அந்தப் படத்தில் நிற்கப் பேட்டில்தான் தேவைப்பட்டார். சீருடையை நம்பாத மக்கள், சீருடைக்குள் இருக்கும் இந்த முகத்தையாவது நம்புவார்கள் என்ற கணக்கு.

ஆனால் அதற்குள் நேரம் கடந்துவிட்டது. மூன்று பேர் உயிரிழந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள்.

மேயர் லா கார்டியா விசாரணைக் குழு அமைத்தார். ஆய்வுக்குத் தலைமை வகித்தவர் சமூகவியலாளர் ஃபிராங்க்ளின் ஃபிரேசியர். கலவரத்துக்கு வதந்தி வெறும் தீப்பொறி என்றுதான் அந்தக் குழு கண்டது. வேலையில் பாகுபாடு, நெரிசலான வீடுகளுக்குக் கொள்ளை வாடகை, மோசமான பள்ளிகள், ஒரே மருத்துவமனையில் முட்டி மோதும் கூட்டம், கூடவே போலீஸின் அத்துமீறல் என்று காரணங்களை அடுக்கியது. மேயர் அந்த அறிக்கையை வெளியிடவில்லை. 1936-ல் ஆம்ஸ்டர்டாம் நியூஸ் என்ற கறுப்பினப் பத்திரிகைதான் அதை அச்சிட்டது.

பேட்டிலின் வாழ்க்கையின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. அவரால் ஒரு கூட்டத்தைச் சமாதானப்படுத்த முடியும். வாடகையைக் குறைக்க முடியாது. கவுன்டரில் வேலை வாங்கித் தர முடியாது. ஒரு நல்ல அதிகாரி இருப்பதால் மட்டும் ஒரு துறை நல்லதாகிவிடாது.

மறுபடி 1943

1941-ல் லா கார்டியா, பேட்டிலை நகரத்தின் பரோல் கமிஷனராக நியமித்தார். அந்தப் பதவிக்கும் முதல் கறுப்பினத்தவர். ஒரு வருடத்தில் ஜெயிலுக்குப் போவான் என்று யாரைப் பற்றிச் சொன்னார்களோ, அவர் இப்போது யார் ஜெயிலிலிருந்து வெளியே வரலாம் என்று முடிவு செய்யும் இடத்தில். ஹார்லெம் இளைஞர்களுக்குக் கோடை முகாம்கள், விளையாட்டுகள் என்று பல முயற்சிகளை அவர் முன்னெடுத்தது இந்தப் பதவியில் இருந்தபோதுதான்.

1943 ஆகஸ்ட் 1. ஒரு ஹோட்டலில் கறுப்பினப் பெண் ஒருவரைப் போலீஸ்காரர் கைது செய்தபோது, ராணுவ வீரர் ராபர்ட் பேண்டி குறுக்கிட்டார். போலீஸ்காரர் சுட்டார். தோளில்தான் காயம், பேண்டி பிழைத்துக்கொண்டார். ஆனால் தெருவில் பரவியது, ராணுவ வீரரைக் கொன்றுவிட்டார்கள் என்று. எட்டு வருடம் முன்பு நடந்ததே மறுபடி, இன்னும் பெரிதாக. 6 பேர் இறந்தார்கள். மேயர் வானொலியில் பேசினார். கறுப்பினத் தலைவர்களை அழைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். நிலைமையைத் தணிக்க பேட்டிலையும் கூப்பிட்டார். அப்போது அவருக்கு வயது 60.

இரண்டு கலவரங்களுக்கும் இடையே போலீஸில் கறுப்பினத்தவர் எண்ணிக்கை கூடியிருந்தது. மக்களின் நம்பிக்கை அந்த அளவுக்குக் கூடவில்லை. 1936 அறிக்கை சுட்டிக்காட்டிய குறைகளில் பல அப்படியே இருந்தன.

எழுதியும் வெளிவராத புத்தகம்

1951-ல் பேட்டில் ஓய்வு பெற்றார். தன் கதை காணாமல் போய்விடக் கூடாது என்ற கவலை அவருக்கு இருந்தது. அதனால் ஹார்லெமின் புகழ்பெற்ற கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸிடம் தன் வாழ்க்கையை எழுதச் சொன்னார். ஹியூஸ் எழுதினார். ஆனால் புத்தகம் வெளிவரவில்லை. அமெரிக்காவின் பெரிய எழுத்தாளர்களில் ஒருவர் எழுதியும், கையெழுத்துப் பிரதி பல பத்தாண்டுகள் கிடப்பில் கிடந்தது.

1966 ஆகஸ்ட் 7-ல், 83 வயதில் பேட்டில் இறந்தார். அமெரிக்காவில் சிவில் உரிமைச் சட்டம் வந்து அப்போது இரண்டே வருடம் ஆகியிருந்தது. 2015-ல் பத்திரிகையாளர் ஆர்தர் பிரவுன், அந்தப் பழைய பிரதியையும் பயன்படுத்தி பேட்டிலின் வரலாற்றைப் புத்தகமாகக் கொண்டுவந்தார்.

இன்றைக்கு என்ன மாறியிருக்கிறது?

பேட்டில் சேர்ந்து 70 வருடங்களுக்கும் மேல் கழித்து, 1984-ல் பெஞ்சமின் வார்டு நியூயார்க் காவல் துறையின் முதல் கறுப்பின கமிஷனர் ஆனார். 2022-ல் கீஷண்ட் சூவெல் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண், அவரும் கறுப்பினத்தவர். மறுபக்கம், போலீஸ் அத்துமீறலுக்கு எதிராக 2020-ல் ஜார்ஜ் ஃப்ளாய்டின் பெயரைச் சொல்லி மக்கள் திரண்ட நகரங்களில் நியூயார்க்கும் ஒன்று. மேலே போக வழி திறந்தது. கீழே தெருவில் இருந்த கேள்வி அப்படியே இருக்கிறது.

ஹார்லெமும் மறுபடி மாறிக்கொண்டிருக்கிறது. வாடகை ஏறுகிறது. தலைமுறைகளாக வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்கள் நகர்ந்து போகின்றன. ஒரு காலத்தில் கறுப்பினத்தவருக்கு விற்க மறுத்த ஸ்ட்ரைவர்ஸ் ரோ வீடுகளின் விலை இன்று பல லட்சம் டாலர். இப்போது யாரும் நிறத்தைச் சொல்லித் தடுப்பதில்லை. விலையே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

முதல் ஆளாக உள்ளே போவது பெரிய சாதனை. அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று பேட்டிலின் வாழ்க்கை சொல்லவில்லை. உள்ளே போனவர் பின்னால் வருபவர்களுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாரா என்று மட்டும் பார்க்கச் சொல்கிறது. ஹார்லெமில் வெஸ்லி வில்லியம்ஸுக்கும், பெயர் தெரியாத எத்தனையோ பையன்களுக்கும் அவர் அப்படி நின்றார். ஒருநாள் 135-வது தெரு முனைக்குப் போக நேர்ந்தால், பலகையைத் தலை நிமிர்ந்து ஒருமுறை பாருங்கள்.